ஆறு வாரம் என்றேன், சுவர் கேட்கவில்லை

“வெயிலில் நிற்கவா உன்னைப் பட்டம் படிக்க வைத்தேன்?”

கட்டுமானத் துறைக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று அம்மா கேட்ட கேள்வி இது. ஆறு ஆண்டுகள் குளிர்சாதன அறையில் சந்தைப்படுத்தல் வேலை பார்த்தவன் நான். கடைசி மூன்று ஆண்டுகள் அடுக்குமாடி வீடுகளுக்கு விளம்பரம் எழுதினேன். அந்த வீடுகளில் ஒன்றைக்கூடக் கட்டும்போது நேரில் பார்த்ததில்லை. வாங்கியவர்கள் சுவரைப் பற்றி ஏதாவது கேட்டால் விழிப்பேன். அந்தக் கூச்சம்தான் என்னை வெளியே தள்ளியது.

பழைய கடைவீடுகளைச் சீரமைக்கும் சிறிய குத்தகை நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். சம்பளம் குறைந்தது. வாடிக்கையாளரிடம் பேசுவதுதான் என் வேலை என்றாலும், கட்டுமானத் தளத்தில் கால் வைக்கச் சிஐடிபி பச்சை அட்டை வேண்டும். ஒருநாள் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போய் அதை வாங்கினேன்.

முதல் வேலை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய ஒரு கடைவீடு. பினாங்குக்காரர்களுக்கு இந்தச் சாலையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1801-இல் இந்திய முஸ்லிம்கள் தொடங்கிய பள்ளிவாசல், சீனர்களின் குவான் யின் கோயில், பக்கத்துத் தெருவில் 1833-இல் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம், வடமுனை அருகே 1818-இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எல்லாம் சில நிமிட நடையில் இருக்கின்றன. அந்தத் தேவாலயத்தைக் கட்ட இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளும் உழைத்தார்கள். 2008-இல் ஜோர்ஜ்டவுன் உலகப் பாரம்பரியத் தளமானது. இங்கே மாநகர் மன்றத்தின் அனுமதி இல்லாமல் விருப்பம்போல் இடித்துக் கட்ட முடியாது.

இது எதையும் யோசிக்காமல், கடைக்காரப் பெரியவரிடம் “ஆறு வாரம் போதும் ஐயா, தீபாவளி வியாபாரத்துக்குக் கடை திறந்துவிடலாம்” என்று சொல்லிவிட்டேன். பழைய தொழில் பழக்கம். தேதி சொன்னால்தானே வாடிக்கையாளர் கையெழுத்துப் போடுவார்!

ஐந்தாம் வாரம் கொத்தனார் அண்ணன் சுவரில் கை வைத்துப் பார்த்தார். “ஈரம் இருக்கு தம்பி. இப்ப சாயம் அடிச்சா உரிஞ்சு வந்துடும்.”

“சிமெண்ட் பூசினால் சீக்கிரம் முடியாதா, அண்ணே?”

அவர் பதில் சொல்லாமல், முன்பு யாரோ சிமெண்ட் பூசியிருந்த ஒரு மூலையைத் தட்டினார். பூச்சு பலகைபோல் பெயர்ந்தது. உள்ளே செங்கல் மாவாகக் கொட்டியது. பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே போகவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். உள்ளே தங்கும் உப்பு செங்கலை அரிக்கும். சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெதுவாகத்தான் இறுகும். அவசரப்படுத்த முடியாது.

அன்று மாலை பெரியவரிடம் நானே போய் உண்மையைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “முதல் நாளே சொல்லியிருந்தா வேற இடம் பார்த்திருப்பேனே, தம்பி” என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தத் தீபாவளிக்கு அவர் கடை திறக்கவில்லை.

அதன்பிறகு, கொத்தனாரிடம் கேட்காமல் நான் யாருக்கும் தேதி தருவதில்லை. எந்தப் பூச்சு, ஏன் காத்திருக்க வேண்டும், மழை வந்தால் எத்தனை நாள் கூடும் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன். சிலர் வேறு குத்தகையாளரிடம் போய்விடுகிறார்கள். தங்குபவர்கள் நம்பித் தங்குகிறார்கள்.

இத்துறைக்கு வர நினைக்கும் இளையோருக்குச் சொல்ல எனக்கு ஒன்று உண்டு. பொறியியல் படித்தவர்களுக்கு மட்டுமான இடமல்ல இது. மதிப்பீடு, கொள்முதல், வாடிக்கையாளர் தொடர்பு என நமக்கும் வேலை இருக்கிறது. ஆனால் முதல் மூன்று மாதம் தளத்தில் நில்லுங்கள், கொத்தனாரிடம் கேள்வி கேளுங்கள். விற்கும் பொருளைத் தொட்டுப் பார்த்தவன் பேச்சுக்குத் தனி எடை உண்டு.

மறு ஆண்டு தீபாவளிக்கு அந்தப் பெரியவர் கடையில் விளக்கு எரிந்தது. அம்மாவை அழைத்துப் போனேன். அவர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “குளிர்ச்சியா இருக்கே” என்றார். வெயிலைப் பற்றி அதன்பின் பேசவில்லை.