ஒருவர் விழுந்தால் பத்துப் பேர் விழுவார்கள்!
87 கிலோமீட்டர் சைக்கிள் பயணம்: இடிபடாமல் போவது எப்படி?

லண்டன் நகரில் உள்ள கிளாபம் காமன் மைதானம். ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பொழுது விடிந்ததும் எங்கு பார்த்தாலும் சைக்கிள்! ஆயிரக்கணக்கில் சைக்கிள்!

இவ்வளவு பேரும் எங்கே கிளம்பிவிட்டார்கள்? பிரைட்டன் கடற்கரைக்கு. தூரம் 54 மைல். அதாவது, 87 கிலோமீட்டர்!

இது பந்தயம் அல்ல. முதலில் வந்தால் பரிசும் கிடையாது. இதய நோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டும் பயணம் இது. 1976-ம் ஆண்டு சிறு கூட்டமாகத் தொடங்கியது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. 1961-ம் ஆண்டு அமைக்கப்பட்ட பிரிட்டிஷ் இதய அறக்கட்டளை இதை நடத்துகிறது. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தெரிந்தவர், உறவினரிடம் நன்கொடை வாங்கிக் கட்டுகிறார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் கூட்டம் கூட்டமாயிற்றே!

பக்கத்துச் சக்கரம்

ஆபத்து எங்கிருந்து வரும்? காரா? லாரியா? பெரும்பாலும் பக்கத்துச் சைக்கிள்தான்!

முன்னே போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி நம் முன்சக்கரத்தை நுழைக்கக் கூடாது. அவர் லேசாக ஒதுங்கினாலும் இரண்டும் உரசும். அவர் தப்பித்துவிடுவார். பின்னே வந்தவர்தான் குப்புற விழுவார்!

ஏன்? ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் திருப்பித்தான் சைக்கிள் சாயாமல் போகிறது. முன்சக்கரம் மாட்டிக்கொண்டால் திருப்ப வழி இல்லை. அவர் மேல் அடுத்தவர், அவர் மேல் இன்னொருவர்... அவ்வளவுதான்!

குறைந்தது ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விட வேண்டும். வேகம் கூடினால் இடைவெளியும் கூட வேண்டும்.

பாட்டில் போனால் போகட்டும்!

தண்ணீர் பாட்டில் விழுந்துவிட்டதா? நடுரோட்டில் நின்று குனியக் கூடாது. பின்னால் வருகிறவர் மேலே ஏறிவிடுவார்!

நிற்க வேண்டுமானால் முதலில் சத்தம் கொடுக்க வேண்டும். கையைக் காட்ட வேண்டும். மெல்ல ஓரம் கட்டி, ரோட்டை விட்டே இறங்கிவிட வேண்டும். பஞ்சர் ஆனாலும் இதே வழிதான்.

நம் ஊரைப் போல இங்கிலாந்திலும் இடது பக்கப் போக்குவரத்துதான். மெதுவாகப் போகிறவர் இடது ஓரம். முந்துகிறவர் வலது பக்கம். நடுவிலே புகுந்து வளைந்து வளைந்து போகிறவர் வம்பை விலைக்கு வாங்குகிறார்!

இறங்கித் தள்ளலாம்

பிரைட்டனை நெருங்கும்போது ஒரு சோதனை இருக்கிறது. டிச்லிங் பீக்கன் என்ற குன்று! உயரம் 248 மீட்டர். ஏறத்தாழ ஒரு மைல் செங்குத்தான ஏற்றம். அதுவரை மிதித்து மிதித்துக் கால் சோர்ந்திருக்கும்.

ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே லேசான கியருக்கு மாற்றிவிட வேண்டும். பாதி ஏற்றத்தில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழன்றுவிடும். ஆள் அங்கேயே சாய்வார்.

முடியவில்லையா? இறங்கித் தள்ளலாம். எத்தனையோ பேர் தள்ளுகிறார்கள். வெட்கம் எதற்கு? இடது ஓரமாகத் தள்ளினால் போதும்.

இறக்கத்தில்தான் கூடுதல் உஷார் தேவை. இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் ஹேண்டில்பாருக்கு மேலே பறக்க வேண்டியதுதான்!

நெஞ்சு வலித்தால்...

மூச்சு முட்டுகிறதா? நெஞ்சில் பாரமா? "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று மிதிக்கவே கூடாது. உடனே இறங்கி முதலுதவிக்காரரைக் கூப்பிட வேண்டும். அடுத்தவர் இதயத்துக்காகப் புறப்பட்டவர் தன் இதயத்தைப் பறிகொடுக்கலாமா?

முதலில் வந்தவர் கட்டிய பணமும், கடைசியில் வந்தவர் கட்டிய பணமும் ஒரே பெட்டிக்குத்தான் போகிறது. பிறகு எதற்கு அவசரம்?