கேலக்ஸியின் கைகள்

சுருள் கேலக்ஸியில் உள்ளே இருக்கும் நட்சத்திரங்கள் வெளியே இருப்பவற்றைவிடச் சீக்கிரம் ஒரு சுற்றை முடித்துவிடும். அப்படியானால் அதன் கைகள் எப்போதோ சுருண்டு இறுகியிருக்க வேண்டாமா? நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். வானியலாளர்களையும் வெகுகாலம் அலைக்கழித்த கேள்வி. 1964-இல் சி. சி. லின், ஃபிராங்க் ஷூ இருவரும் அதற்கு ஒரு விடை சொன்னார்கள்.

அரவைக் காலத்தில் உங்கள் ஊர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னால் பஸ்ஸும் பைக்குமாக ஒரு நெரிசல். ஒவ்வொரு வண்டியாக முந்திப் போய்விடும். புதிதாக வருபவை வந்து சேரும். வண்டிகள் மாறினாலும் நெரிசல் தன் வேகத்தில் ஊர்ந்துகொண்டே இருக்கும். கேலக்ஸியின் கையும் அத்தகைய நெரிசல்தான். நட்சத்திரங்கள் அதற்குள் நுழைந்து வெளியேறுகின்றன. வாயு மட்டும் அங்கே நெருக்குண்டு புதிய நட்சத்திரங்களாகிறது. அவற்றில் பெரியவை நீலமாகக் கொழுந்துவிட்டு எரிந்து, ஒன்றிரண்டு கோடி ஆண்டுகளில், அந்த இடத்தைவிட்டு அதிகம் விலகுமுன்பே வெடித்துவிடும். கைகள் நீலமாகவும், பழைய நட்சத்திரங்கள் குவிந்த நடுப்பகுதி மஞ்சளாகவும் தெரிவது இதனால்தான்.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் எம்83 என்ற சுருள் கேலக்ஸி. சுமார் 1.5 கோடி ஒளியாண்டு தூரம். தன் முழு முகத்தையும் நம் பக்கம் திருப்பி வைத்திருக்கிறது. 1923 முதல் 1983 வரை அதில் ஆறு சூப்பர்நோவாக்களைக் கண்டிருக்கிறார்கள். நம் பால்வெளியில் வெறுங்கண்ணுக்குத் தெரிந்த கடைசி சூப்பர்நோவா 1604-இல் வெடித்தது!

எம்83-ஐ 1752-இல் பிரெஞ்சு வானியலாளர் லக்காய் கண்டது பாரிஸில் அல்ல, நன்னம்பிக்கை முனையில். பாரிஸ் வானில் அது 11 டிகிரிக்கு மேல் ஏறாது. நமக்கோ 48 டிகிரி உயரம். தென்வானம் இப்படி வசமாகக் கிடைக்கிறது என்பதும் ஜவ்வாது மலைக் காவலூரில் வைணு பாப்பு ஆய்வகம் அமையக் காரணம்.

இந்தக் கொடையைத் தெருவிளக்குகளால் அழித்துக்கொண்டிருக்கிறோம். வானத்துக்கு வெளிச்சம் போடுவதால் யாருக்கு என்ன லாபம்? விளக்குக்கு மேல் ஒரு மூடி போட்டால் தரைக்கும் கூடுதல் ஒளி கிடைக்கும். நகராட்சிகள் இதைச் செய்யவேண்டும்.

வைகாசி அமாவாசையில் ஊரைவிட்டுத் தள்ளி, வயல்வெளிக்குப் பைனாகுலரோடு போங்கள். இரவு ஒன்பது மணி வாக்கில் சித்திரை நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, கையை நீட்டி, அதற்கு நேர் கீழே தெற்கில் இரண்டு முஷ்டி தூரம் அளந்து எம்83-ஐத் தேடுங்கள். மங்கலான ஒரு திட்டு தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.