கொடியடுப்பு மின்சாரம்

பெரிய அடுப்பில் சோறு கொதிக்கையிலேயே பக்கத்துக் கொடியடுப்பில் தனி விறகில்லாமல் ரசம் காய்ந்துவிடும். நம் பாட்டிமார் கண்ட இந்தச் சிக்கனத்தை, மின்சார நிலையங்களைக் கட்டிய மேதாவிகளில் பெரும்பாலோர் மறந்துவிட்டார்கள். நிலக்கரியின் சக்தியில் நூற்றுக்கு 40 பங்கு மின்சாரமானால் அங்கே பெரிது. மீதி உஷ்ணமெல்லாம் ஆகாயத்துக்கும் ஆற்றுக்கும் தானம்! கரியமிலவாயு மட்டும் எரித்த கரி முழுவதற்கும் கணக்குத் தவறாமல் வெளிவருகிறது.

ஜப்பானியர் 2009-ஆம் ஆண்டு முதல் மின்சாரத்துக்கும் ஒரு கொடியடுப்பு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'எனெ-ஃபார்ம்' என்று பெயர். வீட்டுச் சுவரோரமாக நிற்கும் ஒரு பெட்டி, அவ்வளவுதான். குழாயில் வரும் எரிவாயுவிலிருந்து அது ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்கிறது. அந்த ஹைட்ரஜன் காற்றிலுள்ள பிராணவாயுவோடு ஜ்வாலையின்றியே சேரும்போது மின்சாரம் பிறக்கிறது. கூடவே உஷ்ணமும் தண்ணீரும். 700 வாட் அளவில் கிடைக்கும் மின்சாரம் விளக்குகளுக்கும் குளிர்பெட்டிக்கும் போகிறது. உஷ்ணம், பக்கத்துத் தொட்டியிலுள்ள நீரை வெந்நீராக்குகிறது. இவ்வாறு வாயுவின் சக்தியில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் வீட்டிலேயே பயன்படுகிறது.

வித்தை பழையதுதான். 1839-ல் இதைக் கண்டவர் வேல்ஸ் தேசத்தவரான வில்லியம் குரோவ். அவர் தொழிலோ வக்கீல் தொழில். பிற்பாடு நீதிபதியும் ஆனார். கட்சிக்காரர்களுக்கு நடுவே இதற்கும் பொழுது கிடைத்ததே என்று வியக்கிறோம்! 1969-ல் மனிதரைச் சந்திரனுக்குக் கொண்டுசென்ற அப்போலோ கப்பலில் மின்சாரமும் குடிநீரும் தந்தவை இத்தகைய கலங்களே.

இனி லாபக் கணக்கு. எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும்போதும் கரியமிலவாயு வெளிவரத்தான் செய்கிறது. ஆனால் மின்சாரத்துக்கு ஓரிடத்திலும் வெந்நீருக்கு வேறிடத்திலுமாக இருமுறை எரிப்பதைவிட இது குறைவு. குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ஒரு டன்னுக்கு மேல் மிச்சம் என்கிறார்கள், பெட்டியைச் செய்து விற்பவர்கள். விற்பவர் கணக்கைச் சற்று உரைத்துப் பார்ப்பது நல்லதல்லவா? எந்த மின்சாரத்துக்குப் பதிலாக இது வருகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டுப் பூகம்பத்துக்குப் பின் ஜப்பானில் அணுசக்தி நிலையங்கள் மூடிக்கிடக்க, நிலக்கரியும் வாயுவும் மேலும் எரிந்தன. அப்போது இப்பெட்டியால் கிடைத்த லாபம் மெய்யான லாபம். சூரியனும் காற்றும் தரும் மின்சாரத்தை விலக்கிவிட்டு எரிவாயுப் பெட்டியை ஓட்டினாலோ, கரியமிலவாயு கூடவே செய்யும்.

வெந்நீருக்குச் செலவும் வேண்டும். ஜப்பானியர் இரவுதோறும் தொட்டி நிறைந்த வெந்நீரில் கழுத்தளவு அமிழ்ந்திருப்பதில் பிரியமுள்ளவர்கள். ஆதலால் அங்கே நாலு லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் வீடுகளில் ஏறிவிட்டன. அவர்கள் வீட்டிலும் கோடையில் தொட்டி சீக்கிரம் நிரம்பிவிட, உஷ்ணத்துக்குப் போக்கிடமின்றிப் பெட்டி ஓய்ந்து நிற்பதுண்டு.