7 பெண்கள், 80 ரூபாய் கடன், 4 பாக்கெட் அப்பளம்

(வானொலி வேளாண் உரை)



காவிரிப் படுகையிலே சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, வயலில் ஈரம் இருக்கும்போதே உளுந்து தெளிக்கிறோம். எழுபது, எழுபத்தைந்து நாளில் செடியைப் பிடுங்கிக் களத்தில் அடித்து, தூற்றி, மூட்டை கட்டுகிறோம். சரி, அந்த மூட்டை நம்ம வீட்டில் எத்தனை நாள் இருக்கிறது? வாங்கின கடன், கூலி பாக்கி, பிள்ளைகள் படிப்புச் செலவு என்று களத்திலிருந்தே வியாபாரி வண்டியில் ஏறிவிடுகிறது. கொஞ்ச நாள் போனால் அதே உளுந்து பருப்பாகவும் மாவாகவும் அப்பளமாகவும் நம்ம ஊர்க் கடைக்கே திரும்பி வருகிறது. நாம் விற்ற விலை என்ன, இப்போது வாங்குகிற விலை என்ன என்று கணக்குப் போட்டால் மனசு கேட்காது.

"அதை நாமே செய்து விற்றால் என்ன?" என்று கேட்காத ஊர் இல்லை. பல ஊர்களில் பெண்கள் கூடி ஆரம்பிக்கவும் செய்கிறார்கள். ஆனால் ஆறு மாதத்தில் உரலும் சல்லடையும் பரண்மேல் ஏறிவிடுகின்றன. கேட்டால், "முதல் இல்லீங்க, மிஷின் இல்லீங்க" என்கிறார்கள்.

முதலும் இல்லாமல், மிஷினும் இல்லாமல், உளுந்து மாவை மட்டும் நம்பி ஆரம்பித்து அறுபது வருஷத்துக்கு மேலாக நிலைத்து நிற்கிற ஒரு தொழிலைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன். பம்பாயில் பிறந்த லிஜ்ஜத் அப்பளத்தின் கதை அது.

மொட்டை மாடியில் ஆரம்பம்

1959-ஆம் வருஷம் மார்ச் மாதம் 15-ஆம் தேதி. பம்பாய் நகரத்தில் கிர்காம் என்கிற பகுதி. அங்கே லோகாணா நிவாஸ் என்ற குடியிருப்பில் 7 குஜராத்திப் பெண்கள் மொட்டை மாடியில் கூடினார்கள். அவர்களில் ஒருவர் ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட். பெரிய படிப்பு இல்லை, சொத்து இல்லை. தெரிந்த வேலை சமையல் ஒன்றுதான். வீட்டு வேலை முடிந்த பிறகு கிடைக்கிற நேரத்தில் நாலு காசு சம்பாதிக்க வேண்டும், அதற்கு யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம்.

சகன்லால் கரம்சி பரேக் என்ற சமூக ஊழியரிடம் 80 ரூபாய் கடன் வாங்கினார்கள். அந்தப் பணத்தில், நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்ன அப்பளத் தொழிலின் சாமான்களையும், வேண்டிய சரக்கையும் வாங்கினார்கள். முதல் நாள் இட்டது 4 பாக்கெட் அப்பளம். தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நம்ம ஊர் அப்பளம் மாதிரி எண்ணெயில் பொரிக்கிறது மட்டும் இல்லை இது. மிளகும் பெருங்காயமும் சேர்ந்த அப்பளம். அனலில் சுட்டும் சாப்பிடுவார்கள்.

ஆரம்பத்திலேயே ஒரு முடிவு எடுத்துக்கொண்டார்கள். நஷ்டமே வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்டுப் போவதில்லை என்பதுதான் அது.

மழைக்குக் கட்டிலும் அடுப்பும்

முதல் வருஷமே சோதனை வந்தது. பம்பாய் மழை எப்படிப்பட்டது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்பளம் காயவில்லை. நாலு மாதம் தொழிலை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அடுத்த மழைக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வாங்கினார்கள். கட்டில்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே ஸ்டவ்வை எரியவிட்டார்கள். மழையிலும் அப்பளம் காய்ந்தது. அதற்கு மேல் ஒரு மிஷினும் இல்லை!

முதல் வருஷம் மொத்த விற்பனை 6,196 ரூபாய். உடைந்துபோன அப்பளத்தை விற்கவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் 100 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். மூன்றாவது வருஷம் 300 பேரைத் தாண்டியது. 1962-ல், தொழிலுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று போட்டி வைத்து, 5 ரூபாய் பரிசு கொடுத்துத் தேர்ந்தெடுத்த பெயர்தான் 'லிஜ்ஜத்'. குஜராத்தியில் ருசி என்று அர்த்தம்.

ஒரே தரம், ஒரே கணக்கு

இனி, இந்தத் தொழில் எப்படி நிலைத்தது என்று பார்ப்போம். நமக்கு வேண்டிய சங்கதி இதில்தான் இருக்கிறது.

முதலாவது, தரம். ஆரம்பத்தில் அவர்கள் இரண்டு விதமாக அப்பளம் செய்தார்கள். நல்லது ஒன்று, மட்டமானது ஒன்று. மட்டமானதைக் குறைந்த விலைக்கு விற்கலாம் என்று கணக்கு. கடன் கொடுத்த சகன்லால், அது வேண்டாம் என்று தடுத்தார். ஒரே தரமாகச் செய்யுங்கள், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்றார். யோசித்துப் பாருங்கள். மட்டமானதை ஒருதடவை தின்றவர் மறுபடியும் அந்தப் பெயரைக் கேட்டு வருவாரா? இன்றைக்கும் பல ஊர்க் கிளைகளுக்கும் மாவும் மசாலாவும் மையமாக வாங்கி அனுப்பப்படுகிறது. எந்த ஊரில் இட்டாலும் ருசி ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இரண்டாவது, கணக்கு. இதைத் தர்ம காரியமாக நினைக்காதீர்கள், வியாபாரமாக நடத்துங்கள், கணக்கை ஒழுங்காக எழுதுங்கள் என்றும் அவர்தான் சொன்னார். ஏழைப் பெண்களுக்கு உதவி என்று ஆரம்பிக்கிற காரியம் கணக்கு இல்லாததால் கெட்டுப்போனதை நாமும் பார்த்திருக்கிறோம் அல்லவா? நல்ல நோக்கம் இருந்தால் மட்டும் போதாது. அந்த நோக்கம் கெடாமல் காவல் காப்பது கணக்கு நோட்டுதான்.

மூன்றாவது, ரொக்கம். மொத்தமாக வாங்கி விற்பவர்களுக்குக் கடனுக்குச் சரக்கு கிடையாது. அப்பளம் இட்டுக் கொண்டுவரும் பெண்களுக்கும் கூலி பாக்கி கிடையாது. கடைக்காரர் பாக்கி வைத்தால், அது கடைசியில் யார் தலையில் விடியும்? மாவு பிசைந்தவள் கூலியில்தானே! அந்த வழியை முதலிலேயே அடைத்துவிட்டார்கள்.

நான்காவது, பங்கு. இங்கே முதலாளி என்று தனியாக ஒருவர் இல்லை. சேர்கிற பெண்கள் எல்லோரும் உடைமைக்காரர்கள். ஒருவரை ஒருவர் 'பென்', அதாவது சகோதரி என்றுதான் அழைப்பார்கள். சாதி, மதம் பார்ப்பதில்லை. லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் எல்லோருக்கும் உண்டு. ஆண்கள் டிரைவராகவோ கணக்கராகவோ சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம். உறுப்பினர் ஆக முடியாது.

வேலை வீடு தேடிப் போனது

நூற்றுக்கணக்கில் பெண்கள் சேர்ந்ததும் மொட்டை மாடியில் இடம் போதவில்லை. பெரிய ஷெட் கட்டப் பணம் ஏது? அதனால் பிசைந்த மாவை ஆளுக்கு ஒரு பங்கு எடை போட்டுக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் அப்பளம் இட்டுக் காயவைத்து, கொண்டுவந்து எடை போட்டுக் கொடுத்தார்கள். இடம் இல்லாத கஷ்டத்துக்குக் கண்டுபிடித்த இந்த வழியே தொழிலின் பெரிய பலமாகிவிட்டது. கைக்குழந்தைக்காரியும் வேலை செய்யலாம். மாமியாரைப் படுக்கையில் வைத்துக்கொண்டிருப்பவளும் செய்யலாம்.

இன்றும் அதே முறைதான். காலையில் கிளைக்கு வந்து, நேற்று இட்ட அப்பளத்தைக் கொடுத்து, எடைக்குத் தக்க கூலி வாங்கி, இன்றைய மாவை எடுத்துக்கொண்டு போகிறார்கள். கொண்டுவரும் அப்பளத்தைச் சோதித்துத்தான் எடுப்பார்கள். அப்பளம் இடுவதற்குச் சுத்தமான இடம் வீட்டில் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இடம் இல்லாதவர்களுக்குக் கிளையிலேயே மாவு பிசைகிற வேலை, பாக்கெட் போடுகிற வேலை உண்டு.

எல்லாமே வெற்றி என்று நினைக்க வேண்டாம். 1961-ல் மாலாட் என்ற இடத்தில் கிளை திறக்கப் பார்த்தார்கள்; நடக்கவில்லை. பின்னாளில் தீப்பெட்டி, தோல் பொருள், ஊதுபத்தி என்று கை வைத்தார்கள், அவற்றையும் நிறுத்திவிட்டார்கள். கை வந்த தொழிலை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 1966-ல் சங்கமாகப் பதிவு செய்தார்கள். அதே வருஷம் கதர் கிராமத் தொழில் கமிஷன் அங்கீகாரம் கொடுத்தது. 8 லட்சம் ரூபாய் நடைமுறை மூலதனமும் கிடைத்தது. கவனியுங்கள்: சொந்தக் காலில் ஏழு வருஷம் நின்று காட்டின பிறகுதான் சர்க்கார் உதவி வந்தது.

இப்போது பல மாநிலங்களில் கிளைகள் இருக்கின்றன. 40,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இதில் இருக்கிறார்கள். வெளிநாட்டுக்கும் அப்பளம் போகிறது. ஜஸ்வந்திபென்னுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். அப்பளம் இட்டு யாரும் மாளிகை கட்டிவிடவில்லை. கூலி எடைக்குத் தக்கதுதான். ஆனால் அந்தக் கூலி, பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு இன்னொருவரிடம் கை நீட்டாமல் காப்பாற்றியிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

நம்ம ஊரிலும் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. உளுந்து நம்ம வயலிலேயே விளைகிறது. விளைச்சல் முழுவதையும் களத்திலேயே விற்காமல், முடிந்த அளவு, ஒரு மூட்டையானாலும் சரி, நிறுத்திப் பாருங்கள். பல்லில் வைத்துக் கடித்தால் 'கடக்' என்று உடைகிற பதத்துக்குக் காயவைத்து வையுங்கள். முழுப் பயறில்தான் வண்டு அதிகம் விழும். பருப்பாக உடைத்து வைத்தால் குறையும். 100 கிலோ உளுந்தை உடைத்துத் தோல் நீக்கினால் சுமார் 70 முதல் 75 கிலோ பருப்பு தேறும்.

கணக்குப் போடும்போது ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். "நம்ம வீட்டு உளுந்துதானே" என்று விலை போடாமல் விடாதீர்கள். அன்றைய மண்டி விலையைப் போடுங்கள். உடைத்த கூலி, அப்பளம் இட்ட பெண்ணின் கூலி, விறகு அல்லது எரிவாயு, பாக்கெட், வண்டிச் செலவு, உடைந்துபோகும் அப்பளம், எல்லாவற்றையும் எழுதுங்கள். அதற்கு மேல் மிஞ்சினால்தான் லாபம். மிஞ்சவில்லையா? அப்போது அப்பளத்தை விட்டுப் பருப்பாகவே விற்பது மேல். கணக்கு நோட்டு அதையும் சொல்லிக் கொடுக்கும்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் அந்த எண், எடை, தயாரித்த தேதி எல்லாம் இருக்க வேண்டும். முதல் மாதம் பக்கத்து ஊர்க் கடை இரண்டுக்கு மட்டும் கொடுங்கள், ரொக்கத்துக்குக் கொடுங்கள். "அடுத்த வாரம் தருகிறேன்" என்கிற கடைக்காரரிடம், "அடுத்த வாரமே சரக்கு வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். வாரம் ஒருநாள் எல்லோரும் கூடிக் கணக்கைச் சத்தமாக வாசியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் பாக்கி எவ்வளவு என்று தெரிய வேண்டும். தலைவியின் மருமகள் இட்ட அப்பளம் என்றாலும், கோணலாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். அன்றைக்கு மனஸ்தாபம் வரும்; ஆனால் குழு பிழைக்கும்.

80 ரூபாய் கடனில் ஆரம்பித்த அந்தப் பெண்கள் முதல் நாள் செய்தது 4 பாக்கெட்தான். நீங்களும் அந்த அளவில் ஆரம்பித்தால் போதும், தாய்மார்களே. வீட்டுக்கார ஐயாமார்களும், வரும் பட்டத்து உளுந்தில் ஒரு மூட்டையை அவர்கள் பொறுப்பில் விட்டுப் பாருங்கள்.