மடக்கு மின் மிதிவண்டி: வாங்குவதற்கு முன் ஒரு நுரையீரல் மருத்துவரின் சில சொற்கள்

“டாக்டர், பேட்டரி சைக்கிள் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். மடித்து வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமாம். நான் ஓட்டலாமா?” புறநோயாளர் பிரிவில் அண்மைக் காலமாக இக்கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரிவோரும், காசநோய் குணமான பின்னும் மூச்சிரைப்பு நீங்காதவர்களும், வேலூரில் அறையெடுத்துத் தங்கி நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் உறவினர்களும் இதைக் கேட்கின்றனர். பெரும்பாலோருக்கு என் விடை “ஓட்டலாம்” என்பதே. ஆயினும் விலையையும் வேகத்தையும் விசாரிப்பதற்கு முன் வேறொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இரவில் இந்த வண்டி எங்கே இருக்கும்?

உடலுக்கு என்ன பயன்?

மிதிக்கும்போது மட்டும் மோட்டார் துணை செய்யும் வண்டி உடற்பயிற்சி ஆகாது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. சாதாரண மிதிவண்டியைவிட உழைப்பு குறைவுதான். எனினும் அது மிதமான உடற்பயிற்சிக்கு ஈடாகும். வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு. காட்பாடி ரயில் நிலையத்திற்கும் வேலூருக்கும் இடையிலான 7, 8 கிலோமீட்டரை வாரத்தில் ஐந்து நாள் மிதித்துச் சென்று திரும்பினாலே அந்த அளவு எளிதில் நிறைவேறும்.

எவ்வளவு வேகமாக மிதிப்பது என்பதற்கு எளிய அளவுகோல் உண்டு. ஓட்டும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கலாம். பேச்சே தடைப்பட்டால் மோட்டாரின் துணையைக் கூட்டிக்கொள்ளுங்கள், அல்லது இறங்கிவிடுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் பெறுவோர், அண்மையில் மாரடைப்போ நெஞ்சு, வயிற்று அறுவைச் சிகிச்சையோ கண்டவர்கள், வலிப்பு வருவோர், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயால் பகலில் கண்ணயர்வோர் ஆகியோர் தம் மருத்துவரின் ஒப்புதலின்றி ஓட்டக் கூடாது. ஆஸ்துமா உள்ளோர் இன்ஹேலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதைப் பார்த்து வாங்குவது?

முதலாவது, சட்டம். மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் அடங்கிய, அங்கீகரிக்கப்பட்ட சோதனை முகமையின் சான்று பெற்ற மின் மிதிவண்டிக்குப் பதிவெண்ணும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. சான்றின் நகலைக் கடைக்காரரிடம் கேளுங்கள். “இன்னும் வேகமாக ஓடும்படி மாற்றித் தருகிறோம்” என்பவரிடம் வாங்காதீர்கள்.

இரண்டாவது, தூரம். பேட்டரியின் மீதுள்ள வோல்ட் எண்ணையும் ஆம்பியர்-மணி எண்ணையும் பெருக்குங்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 360 வாட்-மணி. ஒரு கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட்-மணி வரை செலவாகும் எனக் கொண்டால் 24 முதல் 36 கிலோமீட்டர் வரை ஓடும். விளம்பரத்தில் உள்ள எண்ணைவிட இக்கணக்கையே நம்பலாம். ஒருமுறை சார்ஜ் செய்ய அரை யூனிட் மின்சாரம்கூட ஆகாது. உண்மையான செலவு பேட்டரியை மாற்றும்போதுதான் வரும். சில நூறு முறை சார்ஜ் ஏற்றி இறக்கியபின் அதன் கொள்ளளவு குறையத் தொடங்கும். ஆகவே புதிய பேட்டரியின் விலையையும் உத்தரவாதக் காலத்தையும் முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விலை குறைவென்று வாங்கிய வண்டிக்குப் பேட்டரி கிடைக்காவிட்டால் அது மலிவான வண்டி ஆகாது.

மூன்றாவது, எடை. மடக்கு மின் மிதிவண்டிகளில் பல ஏறத்தாழ 20 கிலோ எடை கொண்டவை. மூச்சிரைப்பு உள்ளவருக்கு அதை ஓட்டுவதைவிட மாடிப்படியில் தூக்கிச் செல்வதே கடினம். கடையிலேயே மடித்துத் தூக்கிப் பாருங்கள். வீட்டில் அதைத் தூக்கப்போவது மனைவியோ மகனோ என்றால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

நான்காவது, அமைப்பு. மடிப்புக் கீலின் பூட்டு தானாகத் திறந்துகொள்ளாதபடி இரண்டாவது தடுப்பு இருக்க வேண்டும். சக்கரம் சிறியதாகையால் பள்ளங்களில் வண்டி அதிகம் குலுங்கும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் முதன்மைப் பாதை இவ்வண்டிக்கு ஏற்றதன்று, அணுகுசாலையில் செல்லுங்கள். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காதபடி மறைப்பு அவசியம். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் தலைக்கவசம் அணியுங்கள்.

பேட்டரியும் புகையும்

2022 மார்ச் மாத இறுதியில், வேலூர் அல்லாபுரத்தில் ஒரு வீட்டில் இரவு சார்ஜ் போடப்பட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியது. தந்தையும் பள்ளி மாணவியான மகளும் உயிரிழந்தனர். அவர்களின் உயிரைப் பறித்தது புகை. அவ்வாண்டு நாட்டின் பல இடங்களில் இத்தகைய தீ விபத்துகள் நேர்ந்ததைத் தொடர்ந்து, மின் வாகனப் பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. நியூயார்க் நகரில் 2023ஆம் ஆண்டில் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயால் 18 பேர் இறந்தனர். அவற்றுள் பெரும்பாலானவை மின் மிதிவண்டிகள் போன்ற சிறு வாகனங்களின் பேட்டரிகள்.

மிதிவண்டியின் பேட்டரி ஸ்கூட்டருடையதைவிடச் சிறியது. ஆயினும் அதுவும் லித்தியம் வகையே. மடக்கு வண்டியோ வீட்டுக்குள் வைப்பதற்கென்றே வாங்கப்படுகிறது. அதன் வசதியும் அபாயமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. எரியும் பேட்டரி கார்பன் மோனாக்சைடையும், மூச்சுக்குழாயை அரிக்கும் நச்சு வாயுக்களையும் வெளியிடும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. உறங்குபவரை அது எழுப்பாது.

ஆகவே பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்.

• படுக்கையறையிலும், வெளியேறும் வழியை மறிக்கும் இடத்திலும், உறங்கும் நேரத்திலும் சார்ஜ் செய்யாதீர்கள். விடுதி அறையில் தங்கியிருப்போர் அறைக்குள் சார்ஜ் செய்வதை அறவே தவிர்க்க வேண்டும்.

• ஆக்சிஜன் சிலிண்டரோ கான்சன்ட்ரேட்டரோ உள்ள அறையில் பேட்டரியை வைக்கவும் கூடாது. ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் தீ பன்மடங்கு மூர்க்கமாகும்.

• வேலூர் வெயிலில் ஓட்டி வந்தவுடன் சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி நன்கு ஆறட்டும். வண்டியுடன் வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். தளர்ந்த பிளக் பாயிண்ட் வேண்டாம்.

• உப்பிய, கீழே விழுந்து அடிபட்ட, நீரில் மூழ்கிய பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள். தெருவோரத்தில் பிரித்துப் பழுதுபார்க்கவும் கொடுக்காதீர்கள்.

• நீரிழிவால் கைகளில் உணர்ச்சி குறைந்தோர் பேட்டரியின் சூட்டைத் தொட்டறிய முயலாமல் வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேட்டரியிலிருந்து புகை வந்தால் அதை அணைக்கவோ வெளியே தூக்கி எறியவோ முயலாதீர்கள். எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு, 101 அல்லது 112க்கு அழையுங்கள். தீ வெளியேறும் வழியில் இருந்தால் சன்னல் உள்ள வேறோர் அறைக்குச் சென்று கதவை மூடி, இடுக்குகளை ஈரத்துணியால் அடைத்து, சன்னலருகே நின்று உதவி கேளுங்கள்.

புகையைச் சுவாசித்தவர் நலமாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மூச்சுக்குழாய் வீக்கம் சில மணி நேரம் கழித்தும் வரக்கூடும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணை அந்நேரத்தில் நம்ப வேண்டாம். இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கும்போதும் அது ஆக்சிஜன் அளவு சரியாக இருப்பதுபோலவே காட்டும்.

இவ்வளவும் சொல்வது அச்சுறுத்துவதற்காக அன்று. மூச்சுக்கு அஞ்சி வீட்டுக்குள் முடங்கியிருந்தவர் மாலையில் கோட்டை மைதானம் வரை மிதித்துச் சென்று வருவது எனக்கும் மகிழ்ச்சி தரும் செய்தியே. வாங்குவதற்கு முன் வீட்டினருடன் அமர்ந்து, காற்றோட்டமுள்ள, விழித்திருக்கும்போது கண்ணில் படும் ஓரிடத்தைச் சார்ஜ் செய்வதற்கெனத் தேர்ந்துகொள்ளுங்கள். அத்தகைய இடம் கிடைத்தால் வண்டி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சாதாரண மிதிவண்டியே உங்கள் வீட்டுக்கு ஏற்றது.