வீடு திருத்துமுன் ஒரு கணம்...

பெருநாள் நெருங்கும்போது, மகளுக்குத் திருமணம் நிச்சயமானதும், வெளிநாட்டில் உழைக்கும் கணவரிடமிருந்து கொஞ்சம் பணம் வந்து சேர்ந்ததும் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு, "வீட்டைக் கொஞ்சம் திருத்தினால் என்ன?" என்பதுதான். கணவர் ஊரில் இல்லாத வீடுகளில் மேசனோடு பேசுவது, ஓடாவிக்கு அளவு சொல்வது, சாமான் வாங்குவது எல்லாமே குடும்பத் தலைவியின் பொறுப்பாகிவிடுகின்றது. வேலை நடக்கும் நாட்களில் எழும் தூசியைப் பகல் முழுவதும் சுவாசிப்பவர்களும் பெண்களும் பிள்ளைகளுமே. ஆகவே, எந்தப் பொருளை வீட்டுக்குள் கொண்டுவருவது என்ற விடயத்தில் சகோதரிகள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டியுள்ளது.

பொருள் வாங்கும்போது விலை, அழகு, உறுதி ஆகிய மூன்றையும் நாம் பார்க்கின்றோம். இன்னும் இரண்டு கேள்விகளையும் கேட்பது நல்லது. இப்பொருள் எங்கிருந்து வந்தது? இதனால் யாருக்குத் தீங்கு? வீண்விரயத்தை அல்குர்ஆன் (17:26, 27) எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கின்றது என்பதை நாம் அறிவோம். பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது ஷரீஅத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. நம் வீட்டுத் தூசி அயல்வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள் போவதும், நம் சுவருக்கான மணலால் இன்னொரு ஊரின் கிணறு வற்றுவதும் இந்த விதிக்குள் அடங்கும்.

தலைக்கு மேல் இருக்கும் ஆபத்து

நம் நாட்டில் எத்தனையோ வீடுகளின் கூரை அஸ்பெஸ்டஸ் சீட்தான். விலை குறைவு, வேலை சுலபம் என்பதால் அது பரவியது. ஆனால், எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பின் முடிவு. ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஆம் ஆண்டிலிருந்து அதனை முற்றாகத் தடைசெய்துள்ளது. கண்ணுக்குத் தெரியாத அதன் நார்கள் நுரையீரலில் தங்கிவிட்டால், நோய் வெளிப்பட 20 முதல் 40 வருடங்கள் வரை செல்லலாம். இன்று சுவாசிக்கும் பிள்ளை, நடுவயதில் அதன் விளைவை அனுபவிக்க நேரிடலாம்.

இதற்காக இன்றே கூரையைப் பிடுங்கியெறிய வேண்டும் என்று யாரும் பதற வேண்டியதில்லை. உடையாமல் நல்ல நிலையில் உள்ள சீட்டை அப்படியே விட்டுவைப்பதால் பெரிய ஆபத்தில்லை. அதை வெட்டும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும், பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்க்கும்போதும்தான் நார்கள் காற்றில் கலக்கின்றன. கூரையைத் திருத்தும் நாளே ஆபத்தான நாள்.

சீட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் சில ஒழுங்குகளைக் கட்டாயம் பேணுங்கள். அன்று பிள்ளைகளையும் முதியவர்களையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அயலவருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். சீட்டைத் தண்ணீரால் நன்கு நனைத்த பின், ஆணிகளைக் கழற்றி முழுச் சீட்டாகவே இறக்கச் சொல்லுங்கள். மின்சாரக் கருவியால் வெட்ட இடமளிக்க வேண்டாம். வேலையாட்கள் முகத்தில் கட்டும் சாதாரணத் துணி இந்த நார்களைத் தடுக்காது; நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் தேவை. விழுந்த துண்டுகளை உலர்ந்த நிலையில் கூட்டாமல், ஈரத்துணியால் துடைத்து, தடித்த பொலித்தீனில் கட்டிவையுங்கள். அவற்றை எங்கே ஒப்படைப்பது என உள்ளூராட்சி சபையிடம் விசாரியுங்கள். உடைந்த சீட்டில் கோழிக்கூடு கட்டுவதும், பாதைக் குழியில் போட்டு நிரப்புவதும் நம் ஊர்களில் சாதாரணம். அது ஆபத்தை வளவுக்குள்ளேயே வைத்துக்கொள்வதாகும்.

பதிலாக எதைப் போடலாம்? களிமண் ஓடு நம் காலநிலைக்கு மிகவும் ஏற்றது. வெயிலின் சூட்டைக் குறைக்கும். ஒன்று உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். ஆனால் ஓடு பாரமானது; சரிவும் கூடுதலாக வேண்டும். பழைய கைமரங்கள் அதைத் தாங்குமா என்பதை ஓடாவியிடம் கேட்காமல் ஓடு வாங்கிவிடாதீர்கள். தகரம் போடுவதானால் அதன் கீழ் சூட்டைத் தடுக்கும் படையும் சீலிங்கும் அவசியம்.

பெயின்ட் சுரண்டும்போது

பழைய கதவு, ஜன்னல்களில் பூசிய பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்க இடமுண்டு. இலங்கையில் பெயின்ட்டில் இருக்கக்கூடிய ஈயத்தின் அளவுக்கு 2013 ஆம் ஆண்டு முதல் சட்ட எல்லை நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் பூசியவற்றைச் சந்தேகத்துடனேயே பார்க்க வேண்டும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய அளவு எதுவுமே இல்லை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலைப்பாடு. எனவே உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் தரையைப் பல தடவை ஈரத்துணியால் துடையுங்கள். புதிய பெயின்ட் வாங்கும்போது வாளியின் லேபலை வாசித்து, ஈயம் சேராததையே கேட்டு வாங்குங்கள்.

மணல், கல், சுண்ணாம்பு

ஆற்றில் அளவுக்கு மீறி மணல் அள்ளும்போது ஆற்றின் அடித்தளம் தாழ்கின்றது. கரைகள் இடிகின்றன, அயலிலுள்ள கிணறுகளில் நீர்மட்டம் இறங்குகின்றது, முகத்துவாரத்தை அண்டிய பகுதிகளில் உப்புநீர் உள்ளே ஏறுகின்றது. அனுமதிப்பத்திரம் இல்லாத மணல் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். கருங்கல்லை நொறுக்கிச் செய்யும் மணல் பல வேலைகளுக்குப் போதுமானது. கடற்கரை மணலை அள்ளிவந்து கட்டுவதோ சட்டத்துக்கும் முரண், வீட்டுக்கும் கேடு. அதிலுள்ள உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து கொங்கிறீட்டை வெடிக்க வைக்கும்.

பவளப்பாறையைச் சுட்டெடுக்கும் சுண்ணாம்பின் விலையை நம் கரையோர மக்கள் அறிவார்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி வந்தபோது, பவளப்பாறை அகழப்பட்ட பெரலியப் பகுதியில் கடல் வெகுதூரம் உள்ளே புகுந்தது. பாறை பாதுகாக்கப்பட்ட ஹிக்கடுவையில் சேதம் குறைவாக இருந்தது. 2005 இல் வெளியான ஆய்வொன்று இதனைச் சுட்டிக்காட்டியது. கரையோரப் பிரதேசத்தில் பவளப்பாறை அகழ்வது சட்டவிரோதமானது. சுண்ணாம்பு வாங்கும்போது அது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்பது நம் கடமை.

உலகெங்கும் மனிதரால் வெளியாகும் காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு 7 அல்லது 8 வீதம் சீமெந்து உற்பத்தியால் உண்டாகின்றது. சீமெந்தே இல்லாமல் வீடு கட்ட முடியாதுதான், குறைக்கலாம். மண்ணுடன் சிறிதளவு சீமெந்து கலந்து, சூளையில் சுடாமல் அழுத்திச் செய்யும் மண் கற்கள் இப்போது நம் நாட்டிலும் கிடைக்கின்றன. புதிதாக ஓர் அறை கட்டுவோர் இவற்றையும், மேல்மாகாணத்தில் உள்ளோர் கபுக் கல்லையும் யோசித்துப் பார்க்கலாம்.

பழையதை எறியாதீர்கள்

சுற்றாடலுக்கு மிக உகந்த பொருள், ஏற்கனவே வீட்டில் இருக்கும் பொருள்தான். உம்மும்மா காலத்து முதிரைக் கதவை அற்ப விலைக்கு விற்றுவிட்டு, சில வருடங்களில் இற்றுப்போகும் பலகைக் கதவைப் போடுவோர் பலர். பழைய கதவைச் சுரண்டி மெருகூட்டினால் அது பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும்.

பழையதன் பெறுமதியை உணர்ந்தவர் நம் நாட்டின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919-2003). கொழும்பு அல்பிரட் பிளேஸில் 1960 களின் ஆரம்பத்தில் அவர் ஏனா டி சில்வாவுக்கு அமைத்த வீடு நடுவே முற்றம் கொண்டது. அந்த நிலம் வேறு தேவைக்குச் சென்றபோது, வீட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றி, இலக்கமிட்டு, பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள லுணுகங்கையில் மீண்டும் கட்டியெழுப்பினார்கள். ஒரு முழு வீட்டையே கழற்றிப் பூட்ட முடியுமென்றால், நம் வீட்டு ஜன்னல் நான்கைக் காப்பாற்றுவது பெரிய காரியமல்ல.

புதிய மரம் வேண்டுமானால் கூரைக்கு முற்றிய தென்னை மரத்தைப் பயன்படுத்தலாம். வளவிலுள்ள பலா, ஈரப்பலா மரங்களைத் தறிக்க 1951 ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி பெறவேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பஞ்ச காலத்தில் சோறூட்டும் மரங்கள் என்பதாலேயே சட்டம் அவற்றைப் பாதுகாக்கின்றது.

கூரையிலிருந்து வரும் அருள்

கூரை திருத்தும்போதே ஒரு பீலியும் தொட்டியும் அமைத்துவிட்டால் மழைநீர் வீணாகாது. 1000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லீற்றர் நீர் விழும். செடிகளுக்கும், வளவு கழுவவும், மலசலகூடத் தேவைக்கும் அது போதும். ஆனால் தொட்டியை வலையிட்டு மூடுங்கள். பீலியில் இலை தேங்கவிடாதீர்கள். இல்லாவிட்டால் டெங்கு நுளம்புக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்தவர்களாவோம்.

சகோதரிகளே, வீடு என்பது அல்லாஹ் தந்த அமானிதம். அது அமைந்திருக்கும் பூமியும் அப்படியே. பக்கத்து வீட்டைப் பார்த்து மாபிளும் டைல்ஸும் போடுவதில் போட்டியிடுவதை விட, நம் பிள்ளைகள் நல்ல காற்றைச் சுவாசிக்கும் வீடாக அதை ஆக்குவதில் போட்டியிடுவோம். அடுத்த முறை மேசன் சாமான் பட்டியலை நீட்டும்போது, விலையோடு சேர்த்து, அது எங்கிருந்து வந்தது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். நம் வீடுகளை நிம்மதியும் பரக்கத்தும் நிறைந்தவையாக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக.