வில்லுப்பாட்டுக் குடமும் பதினாறு சேனல்களும்

மிடி கோப்புக்குள் ஓசை என்று எதுவும் கிடையாது. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்போது தொடங்கி எப்போது முடிவது என்ற குறிப்புகள் மட்டுமே உண்டு. 1983-இல் வந்த இந்த முறையில் ஒரே கம்பியில் 16 சேனல்களின் குறிப்புகள் போகும். சேனலுக்கு ஒரு வாத்தியம் என்று வைத்துக்கொள்ளலாம். அவற்றைப் படித்து ஓசையாக்குவது சவுண்ட் கார்டில் உள்ள சிப், அல்லது கணினியில் ஓடும் சாம்ப்ளர் மென்பொருள்.

எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்பதை 1991-இல் ஜெனரல் மிடி வரையறுத்தது. அதன் 128 ஒலிகளில் சிதாரும் ஷெனாயும் உண்டு, நாதஸ்வரம் இல்லை. தாளத்துக்கென ஒதுக்கிய 10-ஆம் சேனலின் 47 ஒலிகளில் மிருதங்கமோ தவிலோ உடுக்கையோ இல்லை. நாஞ்சில் நாட்டுக் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர் அந்த மெட்டை மிடியில் அமைத்தால், குடம் பேச வேண்டிய இடத்தில் பாங்கோதான் ஒலிக்கும். இந்தக் குறையைத் தீர்ப்பது சாம்ப்ளர்.

சாம்ப்ளர் வாத்தியத்தைப் போலி செய்வதில்லை. பதிவு செய்த ஓசையையே எடுத்து ஒலிக்கிறது. குடத்தின் வாயில், அதை அடிக்கும் மட்டையான பத்தி விழும்போது கும்மென்று எழும் ஓசை வேறு, பக்கத்தில் காசு பட்டுக் கிணுங்கும் ஓசை வேறு. இரண்டையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று தனித்தனியே பதிந்து, 1 முதல் 127 வரையுள்ள அழுத்த எண்களுக்குப் பங்கிட்டுத் தர வேண்டும். ஒவ்வொரு அடியையும் நாலைந்து முறை பதிந்து மாறி மாறி ஒலிக்க விடுவது மிக முக்கியம். ஒரே பதிவு திரும்பத் திரும்ப வந்தால் தையல் இயந்திரம் ஓடுவது போலிருக்கும். குடம் அடிப்பவரின் கை அதில் இருக்காது. வில்லின் மணி, உடுக்கை, ஜால்ரா ஒவ்வொன்றுக்கும் தனிச் சேனல்.

நாதஸ்வரத்தில் சிக்கல் வேறு. கமகத்துக்கு உதவும் பிட்ச் பெண்ட் கட்டளை, அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும். இரண்டு நாதஸ்வரம் என்றால் இரண்டு சேனல் வேண்டும்.

இத்தனை பதிவுகளுக்கும் இடம் வேண்டும். சிடி தரத்தில் ஸ்டீரியோ பதிவு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. 1994-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஇ32 கார்டில் சொந்தப் பதிவுகளுக்கு 512 கேபி இடமே இருந்தது. கூடுதல் மெமரி போட்டாலும் 28 எம்பிதான். 1998-இல் ஜிகாசாம்ப்ளர், ஒலியின் தொடக்கத்தை மட்டும் மெமரியில் வைத்துக்கொண்டு மீதியை ஹார்ட் டிஸ்கிலிருந்து ஓட ஓட எடுத்தது. அதன்பின் இட நெருக்கடி பெரிதும் தீர்ந்தது.

அடுத்தது தாமதம். ஓசையை அனுப்புமுன் சேர்த்து வைக்கும் சவுண்ட் கார்டின் பஃபர் 256 சாம்பிள் என்றால், சிடி தரத்தில் ஓசை ஏறத்தாழ 6 மில்லி விநாடி தாமதமாகும். 1024 என்றால் 23. கையால் வாசிக்கும்போது குறைந்த பஃபர் தேவை. எழுதி முடித்த மிடியை ஓடவிட மட்டும் அதைக் கூட்டி வைப்பதே நல்லது, ஓசை வெட்டுப்படாது. எட்டு வெளியீடுள்ள கார்டில் குடம், உடுக்கை, மணி ஆகியவற்றை வெவ்வேறு வெளியீட்டில் அனுப்பி மிக்ஸரில் சரிசெய்யலாம். இரண்டே வெளியீடு உள்ளவர் மற்ற சேனல்களை அடக்கிவிட்டு, ஒவ்வொன்றாக ஆடியோ கோப்பாக்கிப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.